‘நானா’ என்று எழுதிவிட்டார்களா? டிசபிலிட்டி பென்ஷனுக்குப் பணித் தொடர்பைக் காட்டுவது எப்படி

பட்டாளத்தில் ‘நானா’ என்று ஒரு சொல் உண்டு. என்.ஏ.என்.ஏ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவது. ‘பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை’ என்று அர்த்தம். ஓய்வு பெறும்போது நடக்கிற மெடிக்கல் போர்டின் (மருத்துவக் குழுவின்) தாளில் இந்த நான்கு எழுத்து விழுந்தால் டிசபிலிட்டி பென்ஷன், அதாவது உடல் குறைக்காகத் தரும் ஓய்வூதியம், அதோடு நின்றது. தமிழில் படித்தால் ‘நானா?’ என்று கேள்வி கேட்பதுபோல இருப்பதால், முதல்முறை பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு, நம் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வரும்வரைதான்.

நான் யூனிட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன். இப்போது ஊரில் இருக்கிறேன். வேலூர் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்காரர்கள் இருப்பதால், வாரத்துக்கு ஒருவராவது மஞ்சள் பையில் காகிதங்களோடு வந்து திண்ணையில் உட்காருவார். அவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது ரிலீஸுக்கு, அதாவது பணி முடிந்து வெளியே வரக் காத்திருப்பவர்களுக்கும், ‘நானா’ வாங்கிக்கொண்டு வந்துவிட்டவர்களுக்கும் இது உதவும்.

காட்ட வேண்டியது என்ன

மூன்று விஷயம். ஓய்வு பெறும்போது உங்களுக்கு ஒரு உடல் குறையோ நோயோ இருந்தது. அது பணியில் சேர்ந்த பிறகு வந்தது. அதற்கும் பணிக்கும் தொடர்பு உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் சண்டையில்லாமல் முடியும். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வோம்.

அந்தத் தொடர்பிலும் இரண்டு வகை. பணியே காரணம் என்பது ஒன்று: பேட்டில் ஃபிசிகல் டெஸ்ட் என்ற உடல்தகுதித் தேர்வில் ஓடும்போது முட்டி ஜவ்வு கிழிந்தது என்றால் அது இந்த வகை. பணி நேரடிக் காரணம் இல்லை, ஆனால் பணிச் சூழல் அதைக் கூட்டிவிட்டது என்பது இன்னொன்று. லேசாக இருந்த ஆஸ்துமா, லடாக் குளிரில் இரண்டு வருடம் இருந்ததில் முற்றிவிட்டது என்றால் அது இந்த வகை. பென்ஷனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். இது தெரியாமல் பலர் முதல் வகையையே பிடித்துத் தொங்குகிறார்கள். “சார், சர்க்கரை ஆர்மியாலதான் வந்துச்சு” என்று எழுதினால் போர்டுக்கு மறுப்பது சுலபம். “வந்த பிறகு கூடியது, கூடிய இடமும் காலமும் இவை” என்று எழுதினால் அதே போர்டு யோசித்துத்தான் மறுக்க வேண்டும்.

இதோடு சதவீதம். குறை 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 15-19 என்று போட்டுவிட்டால், பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டாலும், முழுக் காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்குப் பணம் வராது. 2019 டிசம்பரில் விங் கமாண்டர் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. காது மந்தம் உள்ளவர்கள்தான் இந்த 15-19 வலையில் அதிகம் விழுகிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் உடல்நிலை காரணமாக இடையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. வேலையைவிட்டே அனுப்பும் அளவுக்குக் குறை இருந்தால் அது 20 சதவீதத்துக்கு மேல்தான் என்று கொள்ள வேண்டும் என்று 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

சட்டம் யார் பக்கம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1982-ஆம் ஆண்டின் பென்ஷன் உரிமை விதிகள்படி, ஆளெடுக்கும்போது மருத்துவப் பரிசோதனையில் எந்தக் குறையும் குறிக்கப்படவில்லை என்றால், நீங்கள் நல்ல உடம்போடுதான் சேர்ந்தீர்கள் என்று கொள்ள வேண்டும். பிறகு உடம்பு கெட்டால் அது பணியால் என்றே கொள்ள வேண்டும். இல்லை, சேரும்போதே இருந்தது, அப்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்று போர்டு சொன்னால், அதற்குக் காரணத்தை எழுத வேண்டும். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலனும் உங்களுக்குத்தான்.

இதைத் தெளிவாக்கிய தீர்ப்பு தரம்வீர் சிங் வழக்கு. சிக்னல்ஸ் பிரிவில் 1985-இல் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று சொல்லி 1994-இல் அனுப்பிவிட்டார்கள். குறை 20 சதவீதம், ஆனால் ‘நானா’. சேரும்போது எடுத்த பதிவில் வலிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. பணியோடு தொடர்பில்லை என்பதற்குப் போர்டும் காரணம் எழுதவில்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் டிசபிலிட்டி வழக்கு என்றால் முதலில் எடுத்து வைக்கிற தீர்ப்பு இதுதான்.

சரி, பாரம் நம்மேல் இல்லையே என்று சும்மா இருந்துவிட முடியாது. 2008 விதிகளில் வாசகம் கொஞ்சம் இறுகியது: பணிக்கும் குறைக்கும் காரணத் தொடர்பு இருப்பதை உரிய அதிகாரிகள் நிறுவ வேண்டும் என்று வந்தது. ஓய்வு பெற்று 15 வருடம் கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பாரம் கேட்பவர் மேல் என்றும் அதில் இருக்கிறது. பிறகு 2023 செப்டம்பர் 21 முதல் இன்னொரு புது விதித்தொகுப்பு. எந்த நோயை எப்படிப் பார்ப்பது என்று மருத்துவ அதிகாரிகளுக்கு வழிகாட்டும் கையேடும் அதோடு சேர்ந்து மாறியது. முழுக் காலம் முடித்து ஓய்வு பெறுகிறவர்கள் இனி வாங்குவதற்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று பெயரே வேறு. ஆகவே ஒருவருடைய மனுவைப் பார்த்து இன்னொருவர் அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. நீங்கள் வீட்டுக்கு வந்த தேதி எந்த விதியின் கீழ் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

முதல் வேலை: காகிதம்

வழக்கு தீர்ப்பாயத்தில் ஜெயிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது பல வருடம் முன்னால், ஏதோ ஒரு எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் சிறு மருத்துவ அறையில்) டாக்டர் எழுதிய ரெண்டு வரியில் ஜெயித்திருக்கும், அல்லது தோற்றிருக்கும். அதனால் பணியில் இருக்கும்போதே சேர்த்துவைக்க வேண்டியவை:

ஆளெடுப்பின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் படிவம். அதில் ‘ஃபிட்’ என்று இருப்பதுதான் உங்கள் அஸ்திவாரம்.

ஒவ்வொரு முறை கேட்டகரி (உடல்தகுதித் தரம்) போட்டபோதும் எழுதிய போர்டு தாள், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15. டெம்பரரி 24 வாரம் போட்டது, பிறகு பெர்மனென்ட் ஆக்கியது, நடுவில் மறுபடி பார்த்தது எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். நோய் கூடிக்கொண்டே போனதை இந்த வரிசைதான் காட்டும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சிலிப். அடிபட்டிருந்தால் காய அறிக்கை, ஐ.ஏ.எஃப்.ஒய்-2006. விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவும் கமாண்டிங் ஆபீசரின் கருத்தும். அடிபட்டபோது நீங்கள் பணியில் இருந்தீர்களா, உங்கள் கவனக்குறைவா என்ற இரண்டு கேள்விக்கும் அங்கேதான் பதில் இருக்கும்.

எந்த ஆண்டு எந்த இடத்தில் இருந்தீர்கள் என்ற போஸ்டிங் பட்டியல். ஃபீல்டு (களப் பகுதி), பீஸ் (அமைதிப் பகுதி), உயர்மலைப் பகுதி, தீவிரவாத ஒடுக்கு நடவடிக்கைப் பகுதி என்று வகை பிரித்து எழுதியிருந்தால் நல்லது. இது தொலைந்துவிட்டால் பார்ட் டூ ஆர்டர்கள் கைகொடுக்கும். லீவு போனது, வந்தது, மாறுதல் ஆனது எல்லாம் அதில் ஏறியிருக்கும். கிளார்க்குகளைத் திட்டாதவர்கள் பட்டாளத்தில் இல்லை. ஆனால் இருபது வருடம் கழித்து உங்களைக் காப்பாற்றுவது ஏதோ ஒரு கிளார்க் சோம்பல்படாமல் அடித்த அந்த ஒரு வரிதான்.

இதயநோய் உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுவலி வந்த நாளுக்கு முந்தைய 14 நாட்களில் என்ன வேலை செய்தீர்கள் என்ற டியூட்டி பட்டியல். 2008 கையேடு இதைத்தான் பார்க்கச் சொல்கிறது. யூனிட் கலைந்து, ஆட்கள் மாறிய பிறகு இதைத் தேடுவது முடியாத காரியம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போதே நண்பர் ஒருவரை அனுப்பி வாங்கிவிட வேண்டும்.

வெளியே வந்துவிட்டீர்கள், கையில் எதுவும் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், இல்லாவிட்டால் மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம். உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. “என் மருத்துவ ஆவணங்கள் எல்லாம் தரவும்” என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். படிவத்தின் எண், ஆண்டு, உங்கள் ஆர்மி நம்பர் போட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் இதில் தாமதிக்கக் கூடாது. அவர்களுடைய ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிட ராணுவ ஒழுங்குமுறை விதியிலேயே இடம் இருக்கிறது. அப்பாவுக்காகக் கேட்டு வரும் பிள்ளைகள் பலர் “அழிக்கப்பட்டது” என்ற ஒரு வரிப் பதிலோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

‘ஆன்செட்’ என்ற கட்டம்

ரிலீஸ் போர்டு தாளின் பெயர் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. நோயின் பெயருக்குப் பக்கத்தில் அது எங்கே, எப்போது தொடங்கியது என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் சதவீதத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

என்னிடம் வந்த ஒரு ஹவில்தாரின் தாளைச் சொல்கிறேன். நோய், உயர் ரத்த அழுத்தம். குறை 30 சதவீதம். ஆன்செட்: டிசம்பர் 2016, பீஸ் ஸ்டேஷன். காரணம் என்ற இடத்தில், பீஸில் தொடங்கியது, ஃபீல்டு அல்லது உயர்மலைப் பணியின் அழுத்தத்தோடு காலத் தொடர்பு இல்லை, எனவே ‘நானா’. இந்த வாசகம் ஏறத்தாழ ஒரு அச்சு. நூறு பேர் தாளில் இதையே பார்க்கலாம்.

“அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?” என்று கேட்டேன். காஷ்மீரில், குப்வாரா. 2014 நவம்பரிலிருந்து 2016 அக்டோபர் வரை. அங்கிருந்து இறங்கி, லீவு முடித்து, புது யூனிட்டில் ரிப்போர்ட் செய்த இரண்டாவது வாரம் தலைசுற்றல். போய்ப் பார்த்தபோது அளவு 170/110. அவ்வளவு அழுத்தம் இரண்டு வாரத்தில் வந்துவிடுமா என்று போர்டு கேட்டுக்கொள்ளவில்லை. கண்டுபிடித்த தேதியையே தொடங்கிய தேதியாக எழுதிவிட்டார்கள்.

“குப்வாராவுல ஒரு தடவையாவது டாக்டரைப் பார்த்தீங்களா?” இல்லை என்றார். வீட்டுக்குப் போய்த் தேடச் சொன்னேன். மூன்று நாள் கழித்து வந்தார். அவர் மனைவி எல்.ஐ.சி. பாலிசிக் கவருக்குள் ஒரு சீட்டை மடித்து வைத்திருந்திருக்கிறார். உள்ளங்கை அளவு எம்.ஐ. ரூம் சீட்டு, மடிப்பில் மசி கலைந்து போயிருந்தது. 2016 ஆகஸ்ட், தலைவலி, 150/100, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும். மறுபடி யாரும் பார்க்கவில்லை. ஆள் பேட்ரோலில் போய்விட்டார்.

ஆன்செட் கட்டத்துக்கு அந்தச் சீட்டுதான் பதில். உயர் ரத்த அழுத்தம் ஃபீல்டிலோ உயர்மலையிலோ தீவிரவாத ஒடுக்குப் பகுதியிலோ தொடங்கியிருந்தால் பணியால் கூடியதாகக் கொள்ளலாம் என்பது அந்தக் காலத்துக் கையேட்டிலேயே இருக்கிற வழி. முதல் மேல்முறையீட்டிலேயே ஏற்றுக்கொண்டார்கள். சீட்டு இல்லாமல் போயிருந்தால் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்திருக்கும். பீஸ் ஸ்டேஷனிலும் பயிற்சி, காவல், கட்டுப்பாடு என்று அழுத்தம் இருக்கத்தான் செய்கிறது, பீஸில் வந்தது என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்று தீர்ப்பாய அமர்வுகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கின்றன. ஆக அந்த வழியும் திறந்துதான் இருக்கிறது. நீளமான வழி, அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை: உங்கள் கையால் எழுதுவது

ரிலீஸ் போர்டு படிவத்தின் முதல் பகுதி நீங்கள் எழுத வேண்டியது. எங்கெங்கே பணியாற்றினீர்கள், நோய் எப்போது தொடங்கியது, பணியில் எந்தச் சம்பவம் அல்லது சூழல் காரணம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கும். பெரும்பாலோர் அவசரத்தில் ‘இல்லை’, ‘தெரியாது’ என்று போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். அல்லது ஆபீஸ் கிளார்க் (நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன்) எல்லோருக்கும் ஒரே மாதிரி நிரப்பிவிடுகிறார். பிறகு நீங்களே ‘தெரியாது’ என்று எழுதியதை உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள்.

“முதுகு வலி, பணியால் ஏற்பட்டது” என்று எழுதினால் அது வெறும் கருத்து. இப்படி எழுதிப் பாருங்கள்: “2011 மார்ச்சில் யூனிட் இடம் மாறும்போது மூன்று டன் வண்டியில் ஜெனரேட்டர் ஏற்றுகையில் முதுகில் பிடித்துக்கொண்டது. மறுநாள் எம்.ஐ. ரூமில் ஐந்து நாள் லைட் டியூட்டி கொடுத்தார்கள். 2013-இல் மறுபடி வந்து ஆஸ்பத்திரியில் 18 நாள் இருந்தேன். அதன் பிறகு 2015 வரை உயர்மலைப் பகுதியில் பாரம் சுமந்து நடக்கும் பணியில் இருந்தேன். வலி இடது காலுக்கு இறங்கியது அப்போதுதான்.” தேதி, வேலை, சிகிச்சை, பிறகு என்ன வேலை, என்ன மாற்றம். ஐந்து வரி போதும். அலங்காரம் வேண்டாம், தேசபக்தி வசனமும் வேண்டாம்.

பொய் எழுதாதீர்கள். சேருமுன் இருந்த நோயை மறைப்பதும், அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று கேட்டால் இல்லை என்பதும் பின்னால் வேறு ஒரு தாளில் வெளிப்பட்டால் உண்மையான பகுதியையும் சேர்த்துக் கெடுக்கும். அதேபோல ஆபரேஷனோ சிகிச்சையோ வேண்டாம் என்று மறுத்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். மறுத்திருந்தால் ஏன் என்று சொல்லுங்கள். காரணமில்லாமல் மறுத்ததாகத் தெரிந்தால் சதவீதத்தில் கை வைப்பார்கள்.

லீவில் அடிபட்டால்

இதில்தான் திண்ணையில் அதிகம் வாக்குவாதம் நடக்கிறது. லீவும் பணிக்காலம்தானே என்பார்கள். லீவு பணிக்காலம்தான், ஆனால் அடிபட்டதற்கும் பட்டாளத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும். லீவுக்குக் கிளம்பி ஊருக்கு வரும் வழியிலோ திரும்பிப் போகும் வழியிலோ நடந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. 1999-இல் மதன் சிங் ஷெகாவத் வழக்கில், சொந்தச் செலவில் பயணம் செய்தார் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு சொந்த வேலையாக ஸ்கூட்டரில் போய் விழுந்தால் கிடைக்காது. 2011-இல் ஜுஜார் சிங் வழக்கு அப்படித்தான் முடிந்தது.

யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு, பி.டி., பயிற்சி எல்லாம் பணிதான். மாலையில் நாமாகச் சேர்ந்து ஆடிய வாலிபால் என்றால் அது யூனிட் ஏற்பாடா என்ற கேள்வி வரும். காய அறிக்கையில் ‘ஆர்கனைஸ்டு கேம்ஸ்’ என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே சுபேதார் சாப்பிடம் போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது வேலை: மறுப்புக் கடிதத்துக்குப் பதில்

சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை உள்ளவர்களுக்கு முதல் முடிவை எடுப்பது ரெக்கார்ட் ஆபீஸ். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் போனால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. கடிதம் வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன்மேல் உள்ள தபால் முத்திரைதான் எந்த நாள் கைக்கு வந்தது என்பதற்குச் சாட்சி.

முதலில் போர்டு தாளின் முழு நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் முடிவு மட்டும்தான் இருக்கும், காரணம் தாளில் இருக்கும். காரணம் தெரியாமல் மேல்முறையீடு எழுதுவது, கேள்வித்தாள் பார்க்காமல் பரீட்சை எழுதுவதுபோல.

பிறகு காரணத்துக்கு நேராகப் பதில் எழுதுங்கள். மூன்றே வகைதான் பெரும்பாலும் வரும். ஒன்று, பீஸில் தொடங்கியது. இதற்கு முன்பே சொன்னதுபோல் ஆன்செட் தேதியை முன்னால் தள்ளும் காகிதம், போஸ்டிங் பட்டியல். இரண்டு, பரம்பரை அல்லது உடல்வாகு சார்ந்த நோய். இதற்கு ஆளெடுப்புப் பரிசோதனையில் அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை, ஏன் அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை என்று போர்டு எழுதவில்லை என்று காட்டி, தரம்வீர் சிங் தீர்ப்பைச் சொல்லுங்கள். மூன்று, காரணமே எழுதாமல் ‘நானா’ மட்டும். இது உங்களுக்கு நல்லது. காரணம் சொல்லாத போர்டு கருத்து நிற்காது.

மேல்முறையீடு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆர்மி நம்பர், சேர்ந்த தேதி, வந்த தேதி, நோய், சதவீதம், போர்டின் காரணம், அதற்குப் பதில், இணைப்பு ஆவணங்கள், என்ன கேட்கிறீர்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள்.

வெளி டாக்டரிடம் “இது ராணுவப் பணியால் வந்தது” என்று சர்டிபிகேட் வாங்கி வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அதையே நம்பாதீர்கள். போர்டின் கருத்துக்குத்தான் முதல் மதிப்பு. அதை அசைக்கப் போர்டுக்கே முந்தைய ராணுவ மருத்துவத் தாள்கள்தான் சரியான ஆயுதம். உடன் பணியாற்றியவர்களின் பிரமாணப் பத்திரமும் அப்படித்தான்: காய அறிக்கை தொலைந்துவிட்ட இடத்தில் உதவும், மற்ற இடத்தில் துணைக்கு நிற்கும்.

தீர்ப்பாயம்

இரண்டும் தோற்றால், அல்லது மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் பதிலே வராவிட்டால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. முடிவு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதமாகிவிட்டால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுகிற தொடர் தவறு என்பதால் தாமதம் அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் பழைய பாக்கியை, வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிடுவது உண்டு. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் வந்த வரையறை இது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தில் ஒரு மாதப் பாக்கி கரையலாம்.

வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். முடிந்தால் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கியில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேரம் பேசும் புரோக்கர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் அன்றோடு முடித்துக்கொள்ளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கான இலவசச் சட்ட உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, அதன் உதவி உங்கள் மாவட்டத்தில் கிடைக்கிறதா என்று அங்கே தெரியும்.

பணம் எவ்வளவு

100 சதவீதக் குறைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறை எவ்வளவோ அந்த விகிதத்தில் இறங்கும். கணக்கில் சேரும் சம்பளம் 45,000 ரூபாய் என்றால் முழுசுக்கு 13,500. நம் ஹவில்தாரின் 30 சதவீதத்துக்கு 4,050 ரூபாயும் அகவிலைப்படியும்.

இங்கே இன்னொரு படி இருக்கிறது, பலர் விட்டுவிடுகிறார்கள். 20 முதல் 50-க்குள் இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். முழுக் காலம் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது நம் ஹவில்தாரின் 4,050 என்பது 6,750 ஆகிறது. இதைக் கேட்காமல் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். மேல்முறையீட்டிலும் தீர்ப்பாய மனுவிலும் தனி வரியாகவே கேளுங்கள். 2023 புது விதிகளின் கீழ் வருகிறவர்கள் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஜெயித்த பிறகு ஒரு வேலை பாக்கி. திருத்திய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறைப் பென்ஷன் தளத்தில் ஏறியதும் மூன்று இடத்தைப் பாருங்கள்: சதவீதம் உயர்த்தியதுதானா, எந்தத் தேதியிலிருந்து, ‘வாழ்நாள் முழுவதும்’ என்று இருக்கிறதா அல்லது இரண்டு வருடத்துக்கு மட்டுமா. ஹவில்தாரின் முதல் பி.பி.ஓ.வில் ஓய்வு பெற்ற தேதிக்குப் பதில் மேல்முறையீடு முடிந்த தேதி விழுந்திருந்தது. மறுபடி ஒரு கடிதம், மறுபடி ஒரு ரிஜிஸ்டர் தபால், நாலு மாதம். தீர்ப்பாய உத்தரவில் குறித்த கெடுவுக்குள் பணம் வராவிட்டால் அதே அமர்வில் நிறைவேற்று மனு போடலாம். அதற்கும் முதலில் கேட்பது, உத்தரவு நகலை நீங்கள் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பிய தபால் ரசீதைத்தான்.